கிரிப்டோவில் நஷ்டப்பட்டவருக்கும் வரி உண்டு

வருமான வரிக் கணக்கு பார்க்கும் என்னிடம், கிரிப்டோவில் (பிட்காயின் போன்ற டிஜிட்டல் காயின்களில்) பணம் போட்டவர்கள் இந்த வருடமும் கேட்பது அதே கேள்விதான். "மொத்தத்துல எனக்கு நஷ்டம்தானே சார், பிறகு எதுக்கு நோட்டீஸ்?" தக்கலைக்காரரும் கேட்கிறார், கருங்கல்காரரும் கேட்கிறார். கடைசியாகக் கேட்டது மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிப் பையன். அப்பா கல்ஃபிலிருந்து அனுப்பிய பணமும், அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கிய பணமும் போயிருந்தன. அம்மாவும் கூடவே வந்திருந்ததால் திட்டவும் முடியவில்லை.

மக்கா, கிரிப்டோவில் "மொத்தத்துல" என்ற பேச்சே கிடையாது. 2022 ஏப்ரல் 1 முதல் சட்டம் இதுதான்: லாபத்துக்கு 30 சதவீத வரி, அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ் என்னும் கூடுதல் வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது. அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. பங்குச் சந்தையில் இரண்டுக்கும் வழி உண்டு என்பதால் இங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கணக்காகவே பாருங்கள். ஒரு காயினில் 2 லட்சம் லாபம், இன்னொன்றில் 3 லட்சம் நஷ்டம். உங்கள் கணக்கில் 1 லட்சம் போச்சு. சட்டத்தின் கணக்கிலோ 2 லட்சம் வருமானம். வரி 60,000, செஸ் 2,400. ஆக, கையை விட்டுப் போவது 1,62,400 ரூபாய். வேறு வருமானமே இல்லாத மாணவராக இருந்தாலும் அடிப்படை வரிவிலக்கு இதற்குப் பொருந்தாது. காயின் வாங்கிய விலையை மட்டும்தான் கழிக்கலாம். நகைக்கடன் வட்டியைக் கழிக்க முடியாது. பணமாக எடுக்காமல் ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்று வாங்கினாலும் அது விற்பனைதான். இதைச் சொல்லும்போதுதான் பலருக்கு முகம் வெளுக்கிறது.

வருமான வரித் துறைக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? 2022 ஜூலை 1 முதல் விற்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி, பிடிக்கிறார்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறிவிடுகிறது. நஷ்டத்துக்கு விற்றாலும் பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டால் அதை வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பவும் வரும். அதற்காகவாவது போடுங்கள். ஐடிஆர் 1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தில் போடக்கூடாது. அதில் இதற்கு இடமே இல்லை.

ஃபியூச்சர்ஸ், அதாவது காயினை வாங்காமல் அதன் விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுவது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பத்து மடங்கு லீவரேஜ் எடுத்தால், அதாவது கையில் உள்ளதைப் போல் பத்து மடங்குத் தொகைக்கு வியாபாரம் செய்தால், விலை 10 சதவீதம் எதிராகப் போனாலே போட்ட பணம் காலி. கிரிப்டோவில் 10 சதவீதம் ஒரு ராத்திரிச் சமாச்சாரம். பிட்காயினே 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை போய், மறு நவம்பரில் 16,000க்கும் கீழே வந்தது. டெலிகிராம் குழுவில் எப்போது வாங்க, எப்போது விற்க என்று சிக்னல் கொடுக்கிற அண்ணனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் யுஎஸ்டிடி என்ற காயினை முன்பின் தெரியாதவருக்கு பி2பி முறையில், அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக, விற்பவர்களே, தயவுசெய்து கேளுங்கள். வாங்கியவர் அனுப்பிய பணம் யாரிடமோ ஏமாற்றிப் பிடுங்கியதாக இருந்தால், எங்கோ ஒரு வெளிமாநிலப் போலீஸ் சொல்லி உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும். நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு அதை விடுவிப்பது எளிதல்ல. சம்பளம் வருகிற கணக்கை இதற்குத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று எனக்கு ரத்தம் கொதிக்க வைப்பது. "லாபத்தை எடுக்கணும்னா முதலில் 30 சதவீத வரி கட்டுங்க" என்று கேட்கும் ஆப். வருமான வரியை யாரோ ஒருவரின் யுபிஐக்கு அனுப்புவார்களா? துறையின் இணையதளத்தில் சலான் போட்டு நீங்களே கட்டுவது அது. அப்படிக் கேட்டாலே அது மோசடி. ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா, என்னிடம் ஓடி வராதீர்கள். அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுத்தால்தான் மீளும்.

என்னிடம் வருவதானால் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். நீங்கள் காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் தளத்திலிருந்து அந்த நிதியாண்டின் முழுப் பரிவர்த்தனைப் பட்டியலை எக்செல்லாக இறக்கிக் கொண்டுவாருங்கள். வீட்டில் சொல்லிவிட்டு வந்தால் இன்னும் நல்லது.