ஊர் கூடி பிரஷர் பார்ப்பது எப்படி?

2020இல் தமிழ்நாட்டில் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, மாத்திரை வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்தது. ஆனாலும் ஒவ்வொரு ஊராட்சியிலும் சிலர் விடுபட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். களையெடுக்க விடிந்ததும் கிளம்பிவிடுகிறவர், காலனியின் கடைசித் தெருவில் இருப்பவர், செங்கல் சூளைக்குப் போய் மாதக்கணக்கில் வராத குடும்பம் என்று எந்த ஊரிலும் ஏறக்குறைய இதே ஆட்கள்தான். சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது அரசுக் கணக்கு. நர்ஸம்மா ஒருவரே ஓடியாடி இவர்களைப் பிடித்துவிட முடியாது.

இதற்கென்று புதிதாகச் சங்கம் எதுவும் தொடங்க வேண்டாம். கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் நெறிமுறைப்படி அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதியும் உண்டு. பல ஊர்களில் அது பிளீச்சிங் பவுடரோடு முடிந்துவிடுகிறது.

இந்தக் குழுவின் முதல் கூட்டத்துக்கு முன்பே ஒரு பட்டியல் கையில் இருக்க வேண்டும். 3,000 பேர் உள்ள ஊராட்சி என்றால் 30 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஏறக்குறைய 1,500 பேர் இருப்பார்கள். தெருவாரியாக, குக்கிராமவாரியாக யாருக்கு அளந்தாகிவிட்டது, யார் மாத்திரை சாப்பிடுகிறார், யார் நிறுத்திவிட்டார் என்று மூன்றே கட்டம் போட்டால் போதும். இதை எழுதி முடித்தாலே எந்தத் தெரு காலியாகக் கிடக்கிறது என்பது பளிச்சென்று தெரியும். பட்டியல் இல்லாமல் கூட்டம் போட்டால் டீ, பிஸ்கட், கையெழுத்து என்று முடிந்துவிடும்.

பிறகு ஆளுக்கு ஒரு வேலை. பணித்தளப் பொறுப்பாளர் நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் அளப்பதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். வயலுக்குப் போகிறவர்களைப் பிடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பால் சங்கச் செயலாளர், காலையில் பால் ஊற்ற வரும் ஆண்களை நிறுத்திவைக்கலாம். ஆண்கள் முகாமுக்கு வருவதில்லை என்று புலம்புவதைவிட இது மேல். மருந்துக்கடைக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் அதே மாத்திரையை வாங்கிப் போகிறவர்களை அவருக்குத்தான் தெரியும். மகளிர் குழுவினர் விடுபட்டவர் வீட்டுக்குப் போய்ப் பேசலாம், அளக்கலாம். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை.

அளப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. வேலைத்தளத்தில் மண் சுமந்து வந்தவரை அப்படியே உட்காரவைத்துக் கருவியை மாட்டினால் அளவு கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் நிழலில், முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல் உட்கார வேண்டும். அரை மணி நேரத்துக்குள் டீயோ புகையிலையோ போட்டிருக்கக் கூடாது. பட்டையை வெறும் மேல்கையில் சுற்ற வேண்டும். ஜாக்கெட் கைக்கு மேல் சுற்றுவது வழக்கமாகிவிட்டது, அது தவறு. கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷரைக் காட்டும், அதனால் பெரிய பட்டை ஒன்று அவசியம். மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம். குழு நிதியில் மேல்கைக் கருவி, பெரிய பட்டை, மாற்று பேட்டரி, நோயாளி அட்டை எல்லாம் வாங்கிவிடலாம். 140/90 அல்லது அதற்கு மேல் போனால் இன்னொரு நாள் மறுபடி அளக்க வேண்டும். 180/110 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். அதோடு நெஞ்சுவலியோ, ஒரு பக்கம் கை கால் வராமையோ, பேச்சுக் குழறலோ இருந்தால் உடனே 108.

அடுத்த சிக்கலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. குழு நன்றாக வேலை செய்வதாலேயே மருந்து தீர்ந்துபோகும். ஆரம்ப சுகாதார நிலையம் பெரும்பாலும் பழைய செலவை வைத்துத்தான் இருப்புக் கேட்கும். புதிதாக 150 பேர் சேர்ந்து, தினம் ஒரு அம்லோடிபின் (பிரஷர் மாத்திரை) என்றால் மாதம் 4,500 மாத்திரை கூடுதல். முகாமுக்கு முன்பே மருந்தாளுநரிடம் எண்ணிக்கையைச் சொல்லி, ஒரு மாத இருப்பு கையில் இருக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு முறை ‘ஸ்டாக் இல்லை’ என்று திருப்பி அனுப்பினால், பலர் மறுபடி வர மாட்டார்கள். சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ கிளம்புகிறவர்களை முன்கூட்டியே கேட்டுவைத்து, மருத்துவர் ஒப்புதலோடு இரண்டு மூன்று மாத மாத்திரையும் அளவு எழுதிய அட்டையும் கொடுத்தனுப்புங்கள்.

கூட்டமும் முகாமும் எங்கே நடக்கின்றன என்பதையும் பாருங்கள். ஊர்க்கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனி மக்கள் வரத் தயங்குவார்கள். வெளிப்படையாக யாரும் தடுக்க வேண்டியதே இல்லை. அங்கன்வாடியிலோ பள்ளியிலோ வைக்கலாம், முதல் முகாமைக் காலனியிலேயே தொடங்கலாம். குழுவில் அந்தத் தெருவிலிருந்து இரண்டு பேராவது இருக்கட்டும். ஒரே ஆளை உட்காரவைத்தால் அவர் வாய் திறக்க மாட்டார்.

ஊராட்சித் தலைவரை மட்டும் நம்பிக் குழு நடத்தாதீர்கள். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். பட்டியலும் பதிவேடும் தலைவர் வீட்டில் இருந்தால், ஆள் மாறும்போது அவையும் போய்விடும். துணை சுகாதார நிலையத்தில் வைத்துவிட்டு, வேலைகளைக் கிராம சபைத் தீர்மானமாகப் பதிந்துகொள்ளுங்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே பெயர்களை வாசிக்கக் கூடாது, எண்ணிக்கை மட்டும் போதும். எத்தனை முகாம், எத்தனை பேர் வந்தார்கள் என்பது போட்டோவுக்கு உதவும் கணக்கு. பதிவான நோயாளிகளில் கடந்த மூன்று மாதத்தில் அளந்து 140/90க்குக் கீழே இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் குக்கிராமவாரியாகச் சொல்லுங்கள். அந்த மூன்று மாதத்தில் வராதவர்களையும் கட்டுக்குள் இல்லாதவர்களோடுதான் சேர்க்க வேண்டும்.