தினமும் பத்துப் பக்கம் எழுதியும் ஏன் மறந்துபோகிறது?

ஜூன் முதல் வாரம் மூன்றாம் வகுப்பில் சொல்வதை எழுதச் சொன்னால் போதும், லீவில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். ‘பலாப்பழம்’ என்றால் ‘பளாபலம்’ என்று வரும். பண்ருட்டிப் பலா வண்டி வண்டியாக வந்து இறங்கும் கடலூரில், மே மாதம் முழுக்கத் தின்ற பழத்தின் பெயர்! கேட்டால், “தினமும் பத்துப் பக்கம் பார்த்து எழுத வெச்சேன் மிஸ்” என்பார்கள் அம்மாக்கள்.

தமிழ் மறந்துவிடக் கூடாது என்று லீவில் எழுத வைக்கும் அந்தப் பத்துப் பக்கத்தைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். பார்த்து எழுதும்போது பிள்ளை எழுத்தை வரைகிறது. ஓர் எழுத்தைப் பார்க்கும், இறக்கி வைக்கும், அடுத்த எழுத்துக்கு மறுபடி மேலே பார்க்கும். சொல் மனதுக்குள் போவதே இல்லை. சில பிள்ளைகள் இன்னும் கெட்டி: ‘அம்மா’ எழுதச் சொன்னால், பக்கம் முழுக்க ‘அ’வை மட்டும் மேலிருந்து கீழே எழுதிவிட்டு, அப்புறம் ‘ம்’ வரிசை, அப்புறம் ‘மா’ வரிசை. சந்தேகமாக இருந்தால் நோட்டை மூடிவிட்டு அதிலிருந்தே மூன்று சொற்களைக் கேட்டுப் பாருங்கள். கையெழுத்து அழகாகும், ஒப்புக்கொள்கிறேன். 247 எழுத்தையும் தினம் எழுதச் சொல்வதும் இதே கதைதான். ‘ஙௌ’ எழுதி யாருக்கும் வாசிப்பு வந்ததில்லை.

வாசிப்பிலும் ஏமாறுகிறோம். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை கடகடவென்று படிப்பதுபோலவே இருக்கும். கடைசிச் சொல்லில் விரலை வைத்துப் பின்னாலிருந்து ஒவ்வொரு சொல்லாகக் கேளுங்கள். சாயம் வெளுத்துவிடும்.

பழைய பாடப்புத்தகம் வேண்டாம், அடுத்த வகுப்புப் புத்தகம் வேண்டவே வேண்டாம். பிள்ளை பார்க்காத கதை ஒன்று போதும். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கனம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதுச்சேரிக்காரர்களுக்கு 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள், காலையில் பதினைந்து நிமிடம் சத்தமாகப் படிக்கட்டும். தடுக்கினால் உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள், மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அதே பக்கத்தை மறுநாளும் அதற்கடுத்த நாளும் படிக்கட்டும். மூன்றாம் முறைதான் வேகம் வரும்.

அப்புறம் பத்து நிமிடம் எழுத்து. படித்த பக்கத்திலிருந்து ஐந்து சொல், ஒரு வாக்கியம், புத்தகத்தை மூடிவிட்டு. சொல்லும் விதத்தில்தான் பல வீடுகளில் கோளாறு. “ப... லா... ப... ழம்” என்று இழுத்துச் சொன்னால் நடுவிலிருக்கும் ‘ப்’ காதில் விழாது. விழாததைப் பிள்ளை எப்படி எழுதும்? முழுச் சொல்லையும் பேசுகிற வேகத்தில் இரண்டு முறை சொல்லுங்கள். பிள்ளையும் ஒருமுறை சொல்லட்டும். உதடு அழுந்தி நிற்கும் இடத்தில் ஒற்று இருக்கிறது என்று அதற்கே பிடிபடும். ‘ழ’வை ‘ள’வாகப் பேசும் வீடென்றால், எழுதுவதற்காகச் சொல்லும்போதாவது நாக்கை மடியுங்கள், தயவுசெய்து.

கடைசியாக, தானாக இரண்டு வரி: இன்று என்ன தின்றேன், யார் வந்தார்கள். ‘மாமா வந்துச்சு’ என்று எழுதினாலும் விட்டுவிடுங்கள். பேச்சு நடை பிறகு திருந்தும், பயந்து எழுதாமல் நின்றால்தான் கஷ்டம். சிவப்புப் பேனா வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிழையைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, சரியாக எழுதிக் காட்டுங்கள். இருபது முறை எழுதச் சொன்னால் ஐந்தாவது முறையிலேயே மறுபடி தப்பாக எழுதும், அதைப் பதினைந்து முறை பழகும்.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தமிழ் வாசிப்புக்கு ஈடாகாது. இரண்டுக்கும் தனித்தனி நேரம் வேண்டும்.

எட்டு வயதுக்கு மேலும், ஒரு மாதம் விடாமல் செய்தும், ‘க’வும் ‘ல்’லும் தெரிந்து ‘கல்’ என்று சேர்க்க வரவில்லையென்றால் சோம்பேறி என்று திட்டாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவை சரியாக இருந்தால் கற்றல் குறைபாடா என்று பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது. கடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். டியூஷனை மாற்றிக்கொண்டே காலாண்டுத் தேர்வு வரை தள்ளிப் போடாதீர்கள்.