ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் அறிவித்ததாக ஆகிவிடாது

இன்னொன்றும் வந்துவிட்டது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவித்தொகை அறிவிப்பு, மூன்று பக்கம். அச்சிட்டு, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, சற்றுச் சாய்வாக ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கித் துறையின் இணையதளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கடைசித் தேதியின் மேலேயே முத்திரை உட்கார்ந்திருக்கிறது. யாருக்காக அறிவிப்போ, அவர்களில் பார்வையற்ற ஒரு மாணவரால்கூட அதைத் தானாகப் படித்துக்கொள்ள முடியாது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்கிறதா என்று பார்க்கும் அணுகல்தன்மைச் சோதனை செய்பவர்களுக்கு இப்படிப்பட்ட கோப்புகள் பழகிப்போனவைதான். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தயாரித்த கோப்பும் இப்படி வந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

கேட்டால் ஒரே பதில்தான். “ஆன்லைன்ல போட்டாச்சே சார், கம்ப்யூட்டர் படிச்சுச் சொல்லிடுமே.” சொல்லாது. பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் (கணினியில் என்விடிஏ, ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக்) பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. கோப்புக்குள் எழுத்துகளின் குறியீடு இருந்தால் அதை எடுத்து உச்சரிக்கும், அவ்வளவே அதன் வேலை. ஸ்கேன் செய்த தாளில் எழுத்து என்று எதுவும் கிடையாது. அரசாணையும் சரி, அலுவலக வாசலில் எடுத்த குழுப்படமும் சரி, மென்பொருளுக்கு இரண்டும் புள்ளிகளின் கூட்டம். அதனால் காலிப்பக்கம் என்கிறது, அல்லது பக்க எண்ணைச் சொல்லிவிட்டு ஊமையாகிறது.

“ஓசிஆர் இருக்கே” என்பது அடுத்த பதில். படத்தில் உள்ள எழுத்தைக் கண்டறிந்து உரையாக்கும் மென்பொருள் அது. சுத்தமான அச்சுப் பக்கத்தில் இன்றைய தமிழ் ஓசிஆர் நன்றாகவே வேலை செய்கிறது. ஜெராக்ஸின் ஜெராக்ஸில் ‘ர’வையும் துணைக்காலையும் குழப்பும், ‘ண’வை ‘ன’ ஆக்கும். அட்டவணை என்றால் கேட்கவே வேண்டாம்: பத்தாம் வகுப்புக்கான தொகை கல்லூரி மாணவரின் வரிசையில் போய் நிற்கும். தவறாகப் படித்தது கேட்பவருக்குத் தெரியவும் தெரியாது. ஓசிஆர் செய்துதான் ஆக வேண்டும் என்றால், தேதி, தொகை, வருமான வரம்பு, விதி எண் நான்கையும் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

இதைவிடக் கெட்டது ஒன்று உண்டு: ஸ்கேன் செய்யாமல், ஆனால் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. திரையில் அழகான தமிழ் தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில விசைகள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது. வானவில் எழுத்துருவில் அடித்தால் அதற்கென்று வேறொரு வரிசை. திரைவாசிப்பான் அதை அப்படியே ஆங்கில ஒலியில் உளறும். 2010-இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த ஆண்டிலேயே, தமிழ்நாடு அரசு யூனிகோடையும் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) டேஸ்16-ஐயும் (தமிழுக்கென்று உருவான குறியீட்டு முறை) தரமாக அறிவித்துவிட்டது. இன்னமும் “எங்க டைப்பிஸ்ட்டுக்கு இதுதான் பழக்கம்” என்றால் எப்படி? பழைய விசை வரிசையிலேயே அடித்து யூனிகோடில் எழுத்து விழவைக்கும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. விரலை மாற்ற வேண்டாம், குறியீட்டை மாற்றுங்கள். (டேஸ்16-ஐ அச்சு வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது யூனிகோடில் பொது எழுத்து எதுவும் ஒதுக்கப்படாத தனிப்பயன் பகுதியில் இருப்பதால் திரைவாசிப்பானுக்குப் புரியாது.)

சரி, யூனிகோடில் அடித்த பிடிஎஃப் தப்பித்ததா? அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் யூனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். பல மென்பொருள்கள் பிடிஎஃப் ஆக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வடிவங்களை அடுக்கிவிடுகின்றன. கொம்பு தனியாகக் கழன்றுவிடும், ஒற்றைக்கொம்பு உள்ள சொல்லெல்லாம் சிதையும். ஆகவே தமிழ் அறிவிப்பு எதுவானாலும் சாதாரண வலைப்பக்கமாக ஒரு முறை, பிடிஎஃப்பாக ஒரு முறை என இரண்டாகவும் வெளியிடுவதே பாதுகாப்பு. வலைப்பக்கம் கைபேசித் திரைக்கேற்ப மடங்கும், தேடலிலும் சிக்கும்.

ஏற்றும் முன் ஒரு சோதனை. பிடிஎஃப்பில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். எதுவும் ஒட்டவில்லையா, அது படம். ஆங்கில எழுத்துகள் வந்தால் பழைய எழுத்துரு. கொம்பு கழன்று வந்தால் மேலே சொன்ன சிக்கல். ஒழுங்கான தமிழ் வந்தால் மட்டும் அடுத்த வேலைக்குப் போங்கள். பத்து வினாடி ஆகாது. இதைக்கூடச் செய்யாமல் இணையதளத்தின் மேல் மூலையில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான்களை வைத்துவிட்டு “அணுகத்தக்க இணையதளம்” என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். அந்த வேலையை உலாவி எப்போதிலிருந்தோ செய்கிறது.

கோப்பைத் தயாரிப்பதிலும் பெரிய வித்தை இல்லை. வேர்டில் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி விட்டுவிடாமல் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ பாணி கொடுங்கள். திரைவாசிப்பான் பயனர் ஒரு விசையில் தலைப்புக்குத் தலைப்பு தாவுவார். அட்டவணையில் கட்டங்களை இணைக்காதீர்கள், முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறியுங்கள். மொழியைத் தமிழ் என அமையுங்கள். பிறகு ‘சேவ் ஆஸ்’ வழியே பிடிஎஃப் எடுத்து, விருப்பங்களில் அணுகல்தன்மைக்கான கட்டமைப்புக் குறிகள் என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பிரின்ட் டு பிடிஎஃப்’ வேண்டவே வேண்டாம், போட்ட குறிகள் அத்தனையும் போய்விடும்.

“கையெழுத்து இல்லாமல் எப்படி?” கையெழுத்திட்ட மூலத் தாள் அலுவலகக் கோப்பில் இருக்கட்டும். வெளியிடும் படியில் ஒப்பம் என்று தட்டச்சு செய்து கீழே பெயரும் பதவியும் போட்டால் போதும். அரசு நகல்களில் காலங்காலமாக நடப்பதுதானே. இல்லையென்றால் டிஜிட்டல் கையொப்பம் இடுங்கள்.

விண்ணப்பப் படிவங்கள் தனி வேதனை. பெட்டிக்கு மேலே ‘தந்தை பெயர்’ என்று எழுதியிருக்கும், பெட்டியோடு அது இணைக்கப்பட்டிருக்காது; கேட்பவருக்கு வெறும் ‘எடிட்’ என்றுதான் வரும். கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டியைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டுவார்கள். தேதியை மவுஸால்தான் தேர்ந்தெடுக்க முடியும். மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சா படமாக மட்டும் இருக்கும், ஒலி வடிவம் இருக்காது. நேரம் முடிந்து வெளியே தள்ளும் முன் எச்சரித்து, எளிதாக நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 வினாடி தர வேண்டும் என்கிறது இணைய அணுகல்தன்மைக்கான பன்னாட்டுத் தரம். இந்திய அரசு இணையதள வழிகாட்டுதலின் 2023 பதிப்பும் அந்தத் தரத்தையே பின்பற்றச் சொல்கிறது. இணையதளத்துக்கு அணுகல்தன்மைச் சான்றிதழ் வாங்கும்போது அதன் பக்க வார்ப்புரு சரியாக இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு தினமும் ஏறும் கோப்புகளை யார் பார்க்கிறார்கள்?

“கூட யாராவது இருப்பாங்க, படிச்சுச் சொல்வாங்க” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த ‘யாராவது’ பெரும்பாலும் பிரவுசிங் சென்டர்காரர். ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓடிபி மூன்றையும் முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்தால்தான் அரசின் உதவி கிடைக்கும் என்ற நிலைமையை உண்டாக்குவது யார்? ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று குறுஞ்செய்தி அனுப்புவதும் இதே அரசுதான்.

செவித்திறன் குறைந்தவர்களுக்கு வேறு சிக்கல். உதவிக்குத் தொலைபேசி எண் மட்டும் கொடுத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? குறுஞ்செய்தி அல்லது வாட்ஸ்அப் எண்ணையும் போடுங்கள். அறிவிப்புக் காணொளிக்கு வசன வரியும் சைகை மொழியும் வேண்டும்.

சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 42 மின்னணு உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகளில் அணுகல்தன்மைத் தரங்களைச் சொல்லும் 15-ஆவது விதி வெறும் பரிந்துரையாக நின்றதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ஏற்க மறுத்து, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பு, டிஜிட்டல் அணுகலை, உயிர்வாழும் உரிமை தரும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவோடே சேர்த்துவிட்டது. படிக்க முடியாத கோப்பைக் கண்டால், அதன் முகவரி, தேதி, நோட்பேடில் ஒட்டியபோது வந்தது ஆகியவற்றோடு துறைக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் புகார் கொடுங்கள்.

துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய அரசாணைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. இன்று விண்ணப்பம் பெறும் திட்டங்கள், அவற்றின் படிவங்கள், கடைசித் தேதி உள்ள அறிவிப்புகள் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். டெண்டர் எதுவும் விட வேண்டியதில்லை. அவற்றின் வேர்டு கோப்புகள் பிரிவு எழுத்தரின் கணினியிலேயே இருக்கும்.