பழைய வரைபடத்தில் ஏரி இருக்கிறதே!

மேய்ச்சல் நிலம் வாங்கப் போகிறவர்கள் ஸ்கேன் செய்த பழைய வரைபடத்தை அனுப்பி, "இதில் ஏரி இருக்கிறதே?" என்று கேட்பது என் வேலையில் வழக்கம். இருக்கிறதுதான். அது எந்த வருஷத்து ஏரி?

அமெரிக்காவின் ஓரெகன் மாநிலத்தில் உள்ள ஹார்னி படுகையையே பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேல் 4,000 அடிக்கும் அதிகமான உயரத்தில், புதர் மண்டிய வறண்ட மாட்டுப் பண்ணைச் சீமை. அங்கே மால்ஹியர் ஏரி தாம்பாளம் போலத் தட்டையானது. தண்ணீர் ஓரடி ஏறினாலே கரை வெகுதூரம் தள்ளிப் போய்விடும். 1930களின் வறட்சியில் அநேகமாகக் காய்ந்தே போனது. 1980களின் நடுவில் பக்கத்து ஹார்னி ஏரியோடு ஒன்றாகி, பண்ணைகளையும் சாலைகளையும் மூழ்கடித்தது. நடுவில் ஏதோ ஓராண்டில் வரைந்த நீலக்கோட்டை நிரந்தரக் கரையாக எடுத்துக்கொண்டால் எப்படி?

இந்தத் தகராறு பழையது. ஏரி சுருங்கியபோது வெளிப்பட்ட நிலத்தில் குடியேறிகள் வந்து அமர, அது தன்னுடையது என்றார் பெரும் பண்ணையாளர் பீட்டர் பிரெஞ்ச். 1897 டிசம்பரில் ஒரு குடியேறி அவரைச் சுட்டுக் கொன்றார். ஏரிப்படுகை யாருக்கு என்ற வழக்கு 1935இல் உச்ச நீதிமன்றம் வரை போய், மத்திய அரசின் பக்கம் தீர்ப்பானது.

சரி, என்ன செய்யலாம்? அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 1884 முதல் வெளியிட்டுவரும் வரைபடங்களின் பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசம். இறக்கியதும் முதலில் கீழ் விளிம்பைப் படியுங்கள். மூலையில் அச்சிட்ட ஆண்டு ஒன்றாக இருக்கும். வான்படம் எடுத்த ஆண்டும் களத்தில் போய்ச் சரிபார்த்த ஆண்டும் வேறாக இருக்கலாம். ஊதா நிறத்தில் ஏதாவது தெரிந்தால் கூடுதல் கவனம் தேவை: அது பிற்பாடு வான்படத்தைப் பார்த்துச் சேர்த்தது, பெரும்பாலும் யாரும் நேரில் போய்ப் பார்த்ததில்லை. விட்டுவிட்டு வரும் நீலக்கோடு என்றால் சில மாதம் மட்டும் தண்ணீர். பண்ணை விற்பவர்கள் இதை ஏனோ சொல்வதே இல்லை!

அப்புறம், டேட்டம் என்பது ஆயத்தொலைவுகளைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் அளவு முறை. 1927ஆம் ஆண்டு டேட்டத்தில் உள்ள வரைபடத் தாளை இன்றைய ஜிபிஎஸ் புள்ளியோடு அப்படியே பொருத்தாதீர்கள். ஓரெகன் பக்கம் சுமார் 100 மீட்டர் விலகும். வேலி அடுத்தவர் நிலத்தில் போய் நிற்கும். டேட்டத்தை மாற்றிய பிறகு, 1980கள் முதலான லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களையும் மேலே வைத்துப் பாருங்கள். வெள்ள வருஷங்களில் கரை எங்கே நின்றது என்று அவற்றில் தெரியும்.