மூட்டைக்கு நாற்பது ரூபாய்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், என் அலுவலகத்துக்கு வருகிறவர்களின் பேச்சு மாறிவிடும். பாகப்பிரிவினையும் வாய்க்கால் தகராறும் பின்னுக்குப் போய், "கொடுத்துட்டேன் வக்கீலம்மா, இப்ப என்ன பண்றது?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும்.

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் 180 மூட்டை நெல்லைக் கொட்டிவிட்டு, மூன்று ராத்திரி தார்ப்பாயோடு காவல் கிடந்திருக்கிறார். அரசு தளர்வு அறிவிக்காத வரை ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவருடைய நெல் 18-க்கு மேல் காட்டுவதாகச் சொன்னார்கள். மீட்டரை இவர் பார்க்கவில்லை. பணியாளர்கள் யாரும் பணம் கேட்கவும் இல்லை. மேகம் கூடிய மூன்றாம் நாள் சாயங்காலம், மூட்டை தூக்குகிறவர் ஒருவர் பக்கத்தில் வந்து, "மூட்டைக்கு நாப்பது. எல்லாரும் கொடுக்கிறதுதான் பெரியவரே" என்றார். 7,200 ரூபாய் கைமாறியது. மறுநாள் காலையில் அதே நெல் தேறிவிட்டது.

"எல்லாரும்னா யாரு யாரு ஐயா?" என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். அவர் ஒருவரையும் விசாரித்திருக்கவில்லை. பிற்பாடு தெரிந்தது, இரண்டு குவியல் தள்ளியிருந்தவர் காசு கொடுக்காமல், இன்னும் ஒரு வெயில் காயவைத்து எடை போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கொடுத்தவர் டீக்கடையில் புலம்புகிறார். கொடுக்காதவரோ, அடுத்த போகத்துக்கு வம்பு வருமோ என்று வாய் திறப்பதில்லை. ஊர் காதில் விழுவது ஒரு பக்கத்துக் கணக்கு மட்டும்தான்.

லஞ்ச வழக்குகளில் இத்தனை வருடம் நின்ற பிறகு நான் உறுதியாக நம்புவது இது: பேராசை அளவுக்கு, சில நேரம் அதைவிடவும், இந்த 'எல்லாரும்' என்ற சொல்தான் லஞ்சத்தைக் காப்பாற்றுகிறது. மனித நடத்தையை ஆராய்கிறவர்களும் இதைத்தான் தொட்டிருக்கிறார்கள். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் மக்களுக்கு ஊழல் எதிர்ப்புச் செய்திகளைக் கொடுத்து, பிறகு லஞ்சம் கொடுக்க வாய்ப்புள்ள ஒரு விளையாட்டை ஆடவைத்தார்கள். செய்திகள் பெரும்பாலும் பலன் தரவில்லை. ஊழல் எங்கும் நிறைந்தது என்று முன்பே நம்பியவர்கள், செய்தியைக் கேட்ட பிறகு இன்னும் கூடுதலாக லஞ்சம் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் மங்குசி ஊரில் வேறு விதமாகச் செய்தார்கள். லஞ்சம் கொடுப்பவர்கள் குறைந்துவருகிறார்கள் என்ற உண்மைத் தகவலைச் சுவரொட்டியாக ஒட்டினார்கள். அந்த நாட்களில் அதே மாதிரி விளையாட்டில் லஞ்சம் குறைந்தது. 2019-ல் வெளியான ஆய்வு இது.

அதனால் விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிற நண்பர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: "எங்கு பார்த்தாலும் லஞ்சம்" என்று பேனர் அடிக்காதீர்கள். கொடுக்காமல் காரியம் முடித்தவரை மேடையேற்றி, எப்படி முடித்தார் என்று பேசச் சொல்லுங்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் நான் வாதாடியிருக்கிறேன். கொள்முதல் நிலையத்தில் பருவகாலத்துக்கு மட்டும் வேலை பார்க்கும் பட்டியல் எழுத்தர் ஒருவர் என் முன்னால் அழுதார். லாரிக்கு, ஏற்றுக்கூலிக்கு, கிடங்கில் எடை குறைந்தால் அதற்கு என்று தன் கையிலிருந்து போவதை வரிசையாகச் சொன்னார். அவர் செய்தது குற்றம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சங்கிலியை விட்டுவிட்டு அவரை மட்டும் திருத்த முடியாது. ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் அலுவலகங்களில் எடுக்கிற நேர்மை உறுதிமொழியை நம்பி உட்காரவும் முடியாது. "சொல்வதெல்லாம் உண்மை" என்ற கையெழுத்தைப் படிவத்தின் அடியில் வாங்காமல் மேலேயே வாங்கினால் பொய் குறையும் என்று 2012-ல் பெரிதாகப் பேசப்பட்ட ஆய்வு, தரவுகள் புனையப்பட்டவை என்று தெரிந்து 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. இந்தோனேசியாவில் அறுநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களின் சாலைப் பணியில் பலித்தது வேறு: தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே சொன்னதும், காணாமல் போகிற பணம் 8 சதவீதப் புள்ளி குறைந்தது.

நிச்சயம் என்பதை நாமும் உண்டாக்கலாம். டெல்லியில் குடிசைப்பகுதி மக்கள் ரேஷன் அட்டைக்கு விண்ணப்பித்ததைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டவர்களுக்கு, லஞ்சம் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த வேகத்துக்குக் கிட்டத்தட்ட ஈடாக அட்டை கிடைத்தது. பட்டா மாற்றம் இழுத்தடிக்கப்படுகிறதா? பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "என் விண்ணப்பம் எந்தத் தேதியிலிருந்து யாரிடம் இருக்கிறது?" என்று மட்டும் எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கோப்புக்கு ஒரு பெயரும் தேதியும் வந்துவிட்டால் அது நகர்வதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

களத்திலும் தனியாகப் போகாதீர்கள். நாலு பேராகப் போய், மீட்டரைப் பார்த்து எண்ணைச் சத்தமாகப் படியுங்கள். தேதி, நேரத்தோடு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மன்னார்குடிக்காரருக்கு வருகிறேன். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயத்தால் கொடுத்தவர், கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு. முன்கூட்டியே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லிவிட்டு, அவர்களுக்கு உதவியாகக் கொடுத்தாலும் குற்றமில்லை. அவர் என்னிடம் வந்தது ஒன்பதாம் நாள். அவமானத்தில் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

கொடுத்துவிட்டீர்கள் என்றால் அப்படி உட்கார்ந்துவிடாதீர்கள். எந்த நாள், எவ்வளவு, யார் கையில் என்று அன்றைக்கே எழுதிவைத்து, ஏழு நாள் முடிவதற்குள் வாருங்கள்.