முதலில் ஊற்றும் அந்த ஒரு வாய் எதற்கு?

ஹோட்டலில் ஒயின் பரிமாறுவது என் தொழில். ஒருநாள் மாலை, திருமண நாள் கொண்டாட வந்த தம்பதி இத்தாலியின் டஸ்கனி பகுதியைச் சேர்ந்த ஒரு சிவப்பு ஒயின் கேட்டார்கள். பல தலைமுறைகளாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் தோட்டத்து ஒயின். கணவருக்கு முதலில் கொஞ்சம் ஊற்றினேன். குடித்ததும் முகம் லேசாகச் சுருங்கியது. ஆனாலும் "நல்லாருக்கு" என்றார்.

எனக்குச் சந்தேகம். அனுமதி கேட்டு முகர்ந்து பார்த்தேன். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை! வேறு பாட்டில் திறந்தேன். "இவ்வளவு பழைய குடும்பத்து ஒயினாச்சே, எனக்குத்தான் ரசிக்கத் தெரியலைன்னு நினைச்சேன்" என்றார் அவர்.

இந்தத் தயக்கத்தை அடிக்கடி பார்க்கிறேன். அந்த முதல் வாய், ஒயின் கெட்டிருக்கிறதா என்று நீங்கள் பார்ப்பதற்காகத்தான். பாட்டிலை அடைக்கும் கார்க் என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. அதில் சில பூஞ்சைகளால் டிசிஏ என்ற சேர்மம் உருவாகலாம். அந்த அட்டைப்பெட்டி வாடை இதனால்தான். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் துளியிலும் துளி இருந்தாலே பழ வாசனையை அமுக்கிவிடும். எந்தத் தோட்டத்து பாட்டிலிலும் இது நேரலாம்.

டஸ்கனியில் மொண்டால்சினோ ஊரின் புருனெல்லோ என்ற சிவப்பு ஒயினையே எடுத்துக்கொள்ளுங்கள். சாஞ்சொவேசே என்ற திராட்சை மட்டும்தான் சேர்க்கலாம். குறைந்தது 2 ஆண்டு மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். 2019 அறுவடை விற்பனைக்கு வந்தது 2024 ஜனவரியில்தான். இத்தனை பொறுமைக்கும் காவல், கடைசியில் ஒரு சின்ன மரப்பட்டை! புருனெல்லோவுக்குப் பெயர் வாங்கித் தந்த பியோண்டி-சாந்தி தோட்டத்தில், ரிசெர்வா என்ற, கூடுதல் காலம் முதிரவைத்த ஒயினின் பழைய பாட்டில்களைத் திறந்து சோதித்து, குறைந்த அளவை அதே ஆண்டு ஒயினால் நிரப்பி, புது கார்க் போட்டுத் தரும் வழக்கம் இருந்தது. அவர்களே கார்க்கை முழுதாக நம்பவில்லை என்றால் நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

சரி, வாடை இல்லை, ஆனால் துவர்க்கிறது, புளிக்கிறது என்றால்? அது குறையில்லை, சாஞ்சொவேசேயின் சுபாவம். ஆட்டுக்கறியோடு குடித்துப் பாருங்கள், துவர்ப்பு அடங்கும். பிடிக்கவில்லை என்பதற்காக பாட்டிலை மாற்றித் தர மாட்டோம். கெட்டிருந்தால் மாற்றித் தருவது எங்கள் கடமை.

அப்புறம் சூடு. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கணும் என்பது ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த வீடுகளுக்குச் சொன்னது. 16 முதல் 18 டிகிரி போதும். சென்னையின் 30 டிகிரியில் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இதயத்துக்கு நல்லது என்று மட்டும் நினைத்துக் குடிக்க வேண்டாம். 14 சதவீத ஒயின் ஒரு பாட்டிலில் 80 கிராமுக்கு மேல் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. நாலு பேர் பகிர்ந்து, சாப்பாட்டோடு, வண்டிச் சாவியைத் தொடாமல் குடியுங்கள்.

அந்தத் தம்பதியின் இரண்டாவது பாட்டிலில் செர்ரி வாசமும், காய்ந்த இலை வாசமும் நன்றாக எழுந்தன. இந்த முறை முதல் வாயை மனைவியிடம் கொடுத்தேன். அவசரமில்லாமல் இரண்டு தடவை முகர்ந்துவிட்டுத்தான் "ஊற்றுங்க" என்றார்.