ஆட்குறைப்பில் வேலை போனால் கைக்கு வரவேண்டிய பணம்

"நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த வேலைக்கு அதுதான் நல்லது." ஆட்களைக் குறைக்க முடிவெடுத்த நிறுவனங்களில் மனிதவளப் பிரிவினர் இதைக் கனிவோடுதான் சொல்வார்கள். அந்தத் தாளில் கையெழுத்திடும் முன் தயவுசெய்து ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. நிறுவனம் வேலையை விட்டு எடுத்தால்தான் அது உண்டு.

இந்தியாவில் இதற்கான விதிகள் முன்பு 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்தன. 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. அடிப்படைக் கணக்கு மாறவில்லை. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நீக்க வேண்டுமானால், காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாத முன்னறிவிப்பை எழுத்தில் தர வேண்டும்; இல்லையேல் அந்த மாதச் சம்பளத்தைத் தர வேண்டும். அத்துடன், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. கடைசியில் மிஞ்சும் மாதங்கள் ஆறைத் தாண்டினால் அதுவும் ஓராண்டுதான். பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஓராண்டுப் பணி ஆகிவிடும். சம்பளத்துடன் கூடிய விடுப்பும் இதில் சேரும்.

இந்தப் பணத்தை நீக்கும் நேரத்திலேயே தர வேண்டும். "பிறகு கணக்கில் போடுகிறோம்" என்பது சட்டத்துக்குப் பொருந்தாது. இழப்பீடு தராமல் செய்த ஆட்குறைப்பு செல்லாது என்று நீதிமன்றங்கள் பலமுறை தீர்ப்பளித்திருக்கின்றன.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) இந்த இழப்பீட்டிலிருந்து வேறுபட்டது. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை மறுக்க முடியாது. ஐந்தாண்டு முடித்தவருக்கு அது உண்டு, குறிப்பிட்ட காலத்துக்கென நியமிக்கப்பட்டவருக்குப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் ஓராண்டே போதும். அதில் ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்குவார்கள். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கோ மாதச் சம்பளத்தில் சரிபாதிதான் கணக்கு.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டுமே சேர்ந்து மாதம் 24,000 ரூபாய் வாங்கும் ஒருவர் 8 ஆண்டு 7 மாதம் வேலை செய்திருக்கிறார் என்று வையுங்கள். அது 9 ஆண்டாகும். இழப்பீடு 1,08,000 ரூபாய். பணிக்கொடை ஏறத்தாழ 1,24,600. முன்னறிவிப்பு இல்லையென்றால் இன்னும் 24,000. இதற்கு மேல், வேலை இழந்தவர் புதிய திறன் கற்பதற்கான மறுதிறன் நிதி என்ற பெயரில் 15 நாள் ஊதியமான 12,000 ரூபாயை 45 நாளுக்குள் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. ஆக, இரண்டரை லட்சத்துக்கும் அதிகம். ஒரு கையெழுத்து இதில் பெரும்பகுதியைப் பறித்துவிடும்.

யாருக்கெல்லாம் பொருந்தும்? பதவிப் பெயரை விட, செய்த வேலையின் தன்மையே முக்கியம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இதில் வரமாட்டார்கள். அட்டையில் 'மேலாளர்' என்று அச்சிட்டிருந்தும் கீழே ஒருவர்கூட இல்லாமல் கணினியில் நிரல் எழுதுபவர் தொழிலாளி என்று வாதிட இடமுண்டு. தகவல் தொழில்நுட்பத் துறைக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும் என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்தியது. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், குறிப்பிட்ட கால ஒப்பந்தம் முடிந்து வெளியேறுபவருக்கும் ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை.

300 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் என்றால் அரசின் முன்அனுமதி தேவை, முன்னறிவிப்பும் மூன்று மாதம். முன்பு இந்த வரம்பு 100 பேராக இருந்தது. உயர்த்தியதால் நடுத்தர ஆலைகளின் தொழிலாளர்கள் பெரிய பாதுகாப்பை இழந்துவிட்டார்கள் என்பது என் கருத்து.

பணம் வரவில்லையென்றால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். 45 நாளில் தீராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலை போன நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ராஜினாமா கேட்டு வந்த மின்னஞ்சல்கள் ஆகியவற்றை, அலுவலகக் கணினி கையை விட்டுப் போகும் முன்பே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.